முகத்தை மாற்று, அலெக்ஸி

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணியின் ஆட்டம் ஒன்றில் களத்து ஒலிவாங்கியில் பதிவான சில சொற்கள் பத்தாண்டுகளுக்கு மேலாக என் நினைவில் தங்கியிருக்கின்றன. ரஷ்யாவிலிருந்து அந்தப் பருவத்தில்தான் வந்து சேர்ந்திருந்த அலெக்ஸி ஷ்வேத் முகம் வாடி நிற்கிறார். அவர் அருகே, ஸ்பெயினிலிருந்து வந்த அணித்தோழர் ரிக்கி ரூபியோ போகிறார். தனக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில், ஷ்வேத்துக்குப் புரியும்படி சின்னச் சின்னச் சொற்களாக, "அலெக்ஸி, இந்த முகத்தை மாற்று. சந்தோஷமாக இரு. ரசித்து ஆடு" என்கிறார். அவ்வளவுதான்.

அப்போது ரூபியோவுக்கு வயது 22. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஒன்பது மாதங்களுக்குப் பிறகு களத்துக்குத் திரும்பிய பருவம் அது. அந்த நிலையில், தன்னைவிட இரண்டு வயது மூத்த கூட்டாளியின் முகவாட்டம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதே ரூபியோதான் 2023 ஆகஸ்டில், தன் மனநலத்தைக் காத்துக்கொள்வதற்காகக் கூடைப்பந்தை நிறுத்தி வைக்கிறேன் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பைப் படித்த நாளில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஷ்வேத்தின் முகம்தான். அதற்கடுத்து நினைவுக்கு வந்தது, இந்த மனிதர் எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை என்று இத்தனை ஆண்டுகளாக நானே சொல்லிவந்த தீர்ப்பு. அதைத் திருத்தி எழுத வேண்டிய கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

பள்ளியிலும் கல்லூரியிலும் பாயின்ட் கார்டாக ஆடியவன் நான். பந்தை மேலே கொண்டுபோய், யாருக்கு எப்போது தர வேண்டும் என்று முடிவுசெய்யும் இடம் அது. எங்கள் சிமெண்ட் களத்தில் பயிற்சியாளர் ஓயாமல் சொன்ன ஒரே வாசகம், "தம்பி, பந்தைப் பார்க்காதே, ஆளைப் பார்" என்பது. எத்தனை ஆண்டுகள் பழகியும் எனக்கு அது பாதிதான் கைவந்தது. அதனால்தான், பால்மணம் மாறாத ஒரு பையன் அதை மூச்சு விடுவதுபோல் செய்ததைக் காணொளியில் பார்த்தபோது, பொறாமைகூட எழாமல் வெறும் வியப்போடு உட்கார்ந்திருந்தேன்.

ரூபியோ 1990 அக்டோபர் 21 அன்று பார்சிலோனாவுக்கு அருகே, கடற்கரையோரச் சிற்றூரான எல் மஸ்னோவில் பிறந்தவர். பக்கத்து நகரம் பதலோனா. அங்குள்ள ஹோவன்டுட் மன்றத்தை ஊர்க்காரர்கள் 'லா பென்யா' என்று செல்லமாக அழைப்பார்கள். கால்பந்தே மூச்சான ஸ்பெயினில், கூடைப்பந்தைத் தன் அடையாளமாக வைத்துக்கொண்ட ஊர் அது. 1992 ஒலிம்பிக்கில் மைக்கேல் ஜோர்டனும் மேஜிக் ஜான்சனும் ஆடிய அமெரிக்க அணி களமிறங்கியதும் பதலோனாவின் அரங்கில்தான். 2005 அக்டோபர் 15 அன்று, தன் பதினைந்தாவது பிறந்தநாளுக்கு இன்னும் 6 நாள்கள் இருக்கையில், ஸ்பெயினின் முதல்நிலைத் தொழில்முறை லீக்கில் ரூபியோ ஹோவன்டுட் அணிக்காகக் களமிறங்கினார். அந்த லீக்கின் வரலாற்றில் அவ்வளவு சிறிய வயதில் ஆடியவர் அதுவரை யாருமில்லை. அவரை இறக்கிவிட்ட பயிற்சியாளர் ஐத்தோ கார்சியா ரெனேசெஸ், இளைஞர்களை நம்பிக் களத்தில் விடுவதற்குப் பெயர்போனவர்.

அடுத்த ஆண்டு நடந்த ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய தலைமேல் ஏற்றப்பட்ட சுமை அங்கேதான் கட்டப்பட்டது. 2006இல் ஸ்பெயினின் லினாரெஸ் நகரில் நடந்த, 16 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பின் இறுதி ஆட்டத்தில் ரஷ்யாவை ஸ்பெயின் எதிர்கொண்டது. ஆட்டம் முடியும் நொடியில், களத்தின் நடுப்பகுதியிலிருந்து ரூபியோ வீசிய பந்து வளையத்துக்குள் விழுந்து ஆட்டத்தைச் சமன்செய்தது. கூடுதல் நேரத்துக்குப் போய் ஸ்பெயின் வென்றபோது அவருடைய கணக்கில் 51 புள்ளிகள், 24 ரீபவுண்டுகள் (வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைக் கைப்பற்றுவது), 12 அசிஸ்டுகள் (கூட்டாளி புள்ளி எடுக்க வழிசெய்த பாஸ்), 7 ஸ்டீல்கள் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) இருந்தன. கூடைப்பந்து ஆடியவர்களுக்கு இந்த எண்களின் அளவு தெரியும். ஒரு பாயின்ட் கார்டு ஒரே ஆட்டத்தில் 24 ரீபவுண்டு எடுப்பது, கீரைக்கட்டு வாங்கப் போனவர் சந்தையையே தூக்கிக்கொண்டு வந்த கதை.

மங்கலான அந்தக் காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. நீண்ட முடி, ஒல்லியான உடல், முதுகுக்குப் பின்னால் போகும் பாஸ்கள் ஆகியவற்றைப் பார்த்து அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைப் பீட் மாராவிச்சோடு ஒப்பிட்டன. மாராவிச் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் புள்ளிகளைக் குவித்தவர். ரூபியோவின் திறமை முற்றிலும் வேறு திசையில் இருந்தது. ஒப்பிட்டவர்கள் முடியையும் பாஸையும் பார்த்தார்கள், புள்ளியைப் பார்க்க மறந்தார்கள். லினாரெஸில் விழுந்த 51 புள்ளிகளே இனி அவருடைய வழக்கமாக இருக்கும் என்று எல்லோரும் மனத்துக்குள் எழுதிக்கொண்டோம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். முளையைப் பார்த்து இது நெல்லா கம்பா என்று சொல்லிவிடலாம். எத்தனை மூட்டை தேறும் என்று எந்த உழவரும் சொல்ல மாட்டார். நாங்கள் மூட்டையையே எண்ணி முடித்திருந்தோம்.

2008இல் ஹோவன்டுட் அணியோடு ஸ்பெயினின் அரசர் கோப்பையையும் ஐரோப்பாவின் யூலெப் கோப்பையையும் வென்றார். அந்தக் கோடையில் பெய்ஜிங் ஒலிம்பிக். அனுபவம் மிக்க ஹோசே கால்டெரோன் காயத்தால் ஆட முடியாமல் போக, இறுதி ஆட்டத்தில் கோபி பிரையன்ட்டும் லெப்ரான் ஜேம்ஸும் இருந்த அமெரிக்க அணிக்கு எதிராக, 17 வயது ரூபியோ ஸ்பெயினின் பந்தை மேலே கொண்டுபோனார். அமெரிக்கா 118-107 என்று வென்றது. ஆனால் அந்த அணியை அந்தத் தொடரில் அவ்வளவு நெருக்கிப் பிடித்தது அந்த ஓர் ஆட்டம்தான். ஒலிம்பிக் கூடைப்பந்தின் இறுதியில் அவரைவிட இளையவர் யாரும் ஆடியதில்லை.

அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் என்.பி.ஏ. ட்ராஃப்ட்டில், 2009இல் மினசோட்டா ஐந்தாவது இடத்தில் அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆறாவது வாய்ப்பும் அவர்களிடமே இருந்தது. அதிலும் இன்னொரு பாயின்ட் கார்டான ஜானி ஃப்ளின்னை எடுத்தார்கள். ஏழாவதாக கோல்டன் ஸ்டேட் அணி எடுத்தவர், பின்னாளில் தூரத்திலிருந்து வீசுவதில் பெயர்பெற்ற ஸ்டீபன் கரி. இந்த மூன்று வரிகளை வைத்து எத்தனை கேலி, எத்தனை சாபம்! ஃப்ளின் மூன்றே பருவங்களில் என்.பி.ஏ.வை விட்டுப் போனார். அவரைப் பற்றிப் பேசுவாரில்லை. எதிர்பார்ப்பு அதிகமாக இருந்ததால், பேச்சு முழுவதும் ரூபியோவின் மேல் விழுந்தது. கரி ஒரு பருவத்தில் 402 த்ரீ பாயின்டர்கள் (தூரத்திலிருந்து வீசி மூன்று புள்ளி எடுப்பது) போட்ட 2016இல், என் கல்லூரி நண்பர்களோடு தேநீர்க் கடையில் நின்றுகொண்டு, "ரூபியோவை எடுத்தது வரலாற்றுப் பிழை" என்று உரக்க வாதாடியவர்களில் நானும் ஒருவன். ஒரு மனிதரைப் பிழை என்று சொல்கிறோம் என்ற உணர்வு அன்று எனக்கு இல்லை.

ஹோவன்டுட் ஒப்பந்தத்திலிருந்து விடுபடக் கட்ட வேண்டிய தொகை மிகப் பெரிதாக இருந்ததால் அவர் உடனே அமெரிக்கா போகவில்லை. இரண்டு பருவங்கள் பார்சிலோனாவில் ஆடி, 2010இல் ஐரோப்பிய மன்றங்களுக்கான யூரோலீக் கோப்பையைத் தூக்கினார். மினசோட்டாவில் அவர் முதல் ஆட்டம் ஆடியது 2011 டிசம்பர் 26 அன்று. அந்தக் குளிர்காலத்தை அங்குள்ள ரசிகர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். முந்தைய பருவத்தில் 82இல் 17 ஆட்டங்களை மட்டுமே வென்றிருந்த அணி, அவர் வந்ததும் நிமிர்ந்து நடந்தது. கூட்டாளிகளான கெவின் லவ்வும் நிகோலா பெகோவிச்சும் எதிர்பாராத இடங்களில் பந்து தேடி வந்தது. இந்தியாவில் நாங்கள் காலை ஆறு மணிக்கு எழுந்து, அலுவலகத்துக்குக் கிளம்பும் வரை அந்த ஆட்டங்களைப் பார்த்தோம். மற்ற வீரர்கள் புள்ளி எடுத்தால் கைதட்டினோம். ரூபியோவுக்கோ புள்ளி விழும் முன்பே, பந்து அவர் கையை விட்ட நொடியிலேயே கைதட்டினோம்.

2012 மார்ச் 10, எங்களுக்குக் காலை நேரம். லேக்கர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம் முடிய இன்னும் சில நொடிகள். கோபி பிரையன்ட்டைத் தடுக்கப் போன ரூபியோவின் முழங்கால் பிரையன்ட்டின் காலோடு மோதியது. பெரிய விழுகைகூட இல்லை. இடது காலைப் பிடித்துக்கொண்டு அவர் களத்தில் கிடந்தார். ஏ.சி.எல். கிழிந்துவிட்டது. அந்த இரவோடு சேர்த்து மினசோட்டா 21 வெற்றி, 20 தோல்வி என்று இருந்தது. அவர் இல்லாமல் ஆடிய மீதி 25 ஆட்டங்களில் வென்றது ஐந்தே ஐந்து. ஒரு வீரர் தன் அணிக்கு எவ்வளவு வேண்டியவர் என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் கிடைக்காது. ஆனால் ரூபியோவைப் பற்றிய பேச்சில் இந்த எண் ஒருபோதும் முன்னே வருவதில்லை. முன்னே வருவது அவருடைய ஷூட்டிங் சதவீதம்.

அந்தக் குறை பொய்யில்லை. முதல் பருவத்தில் அவர் வீசிய நூறு பந்துகளில் 36கூட உள்ளே போகவில்லை. என்.பி.ஏ. வாழ்க்கை முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் சராசரி 40ஐ எட்டவில்லை. இதனால் என்ன ஆகும் என்பதைப் பிக் அண்ட் ரோல் என்ற ஆட்டமுறையை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். பாயின்ட் கார்டு பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது, உயரமான கூட்டாளி ஒருவர் வந்து எதிராளியின் வழியில் தூண்போல் நிற்பார், அதுதான் ஸ்க்ரீன். தடுப்பவருக்கு முன்னால் இரண்டு வழிகள் உண்டு. தூணுக்கு முன்புறமாக இடித்து நுழைந்து, பந்து வைத்திருப்பவரோடு ஒட்டியே ஓடலாம். அல்லது தூணுக்குப் பின்புறமாகச் சுற்றிப்போய் மறுபக்கம் காத்திருக்கலாம். பின்புறம் சுற்றிப் போனால், பந்து வைத்திருப்பவருக்கு வீசுவதற்கு நிறைய இடம் கிடைத்துவிடும். கரி போன்றவரிடம் அப்படிச் செய்தால் மூன்று புள்ளி போய்விடும்; ஆகவே அவரிடம் ஒட்டித்தான் ஓட வேண்டும், அப்படி ஓடும்போது பின்னால் வழி திறந்துகொள்ளும். ரூபியோவிடமோ எல்லா அணிகளும் பின்புறமே சுற்றிப் போயின. "வீசிக்கொள்" என்று இடம் கொடுத்துவிட்டு, அவர் பாஸ் தரக்கூடிய பாதைகளில் ஆள் நிறுத்தின. உலகத்திலேயே பாஸுக்குப் பெயர்போன ஒருவருக்கு, பாஸ் போகும் சந்துகளை மட்டும் அடைத்துவிட்டார்கள்.

அப்படி அடைத்த பிறகும் அவர் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 7 அசிஸ்டுகளுக்கு மேல் கொடுத்தார் என்பதை நினைத்துப் பார்க்கும்போதுதான் அந்தக் கண்களின் அருமை எனக்குப் பிடிபடுகிறது. குறையைத் தீர்க்க அவர் உழைக்காமலும் இல்லை. 2014இல் மைக் பென்பெர்தி என்ற ஷூட்டிங் பயிற்சியாளரை மினசோட்டா அமர்த்தியது. ரூபியோ வீசும் விதத்தை அடியிலிருந்து மாற்றிக்கொள்ள முனைந்தார். அந்தப் பருவத்தில்தான் கணுக்கால் காயத்தால் 22 ஆட்டங்கள் மட்டுமே ஆட முடிந்தது. அவர் அமெரிக்காவுக்கு வந்த காலமும் அவருக்கு எதிராகத் திரும்பியது. பாயின்ட் கார்டு என்றால் முதலில் பந்தைப் பகிர்பவர் என்ற இலக்கணத்தில் வளர்ந்தவர், பாயின்ட் கார்டு என்றால் முதலில் தூரத்திலிருந்து வீசுபவர் என்று இலக்கணம் மாறிய பத்தாண்டில் ஆட வேண்டியிருந்தது.

மினசோட்டாவில் ஆறு பருவங்கள் ஆடினார். ஒரு முறைகூட அணி, பருவ இறுதியில் முன்னணி அணிகள் கோப்பைக்காக மோதும் ப்ளேஆஃப் சுற்றுக்குப் போகவில்லை. 2016இல் அவருடைய தாய் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். 2017இல் அவரை யூட்டாவுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த பருவத்திலேயே மினசோட்டா ப்ளேஆஃப் போனது. அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தவர்கள், அதே பருவத்தில் யூட்டாவும் போனது என்பதையும், ஓக்லஹோமா சிட்டிக்கு எதிரான தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் ரூபியோ 26 புள்ளி, 11 ரீபவுண்டு, 10 அசிஸ்ட் எடுத்தார் என்பதையும் சொல்லவில்லை. யூட்டாவிலிருந்து ஃபீனிக்ஸ், அங்கிருந்து 2020 நவம்பரில் சில நாள்களுக்குள் ஓக்லஹோமா சிட்டிக்கும், அங்கிருந்து மறுபடி மினசோட்டாவுக்கும், பிறகு கிளீவ்லேண்ட். என்.பி.ஏ.வில் வீரர்கள் கைமாறுவது அன்றாடச் செய்தி. ஆனால் ஒருவர் ஒவ்வொரு முறையும் வீட்டைக் காலிசெய்து, குடும்பத்தோடு புது ஊரில் இறங்குவதை நாம் செய்தியாகப் படிப்பதில்லை.

ஸ்பெயின் சட்டையில் அவர் வேறு ஆள். 2019இல் சீனாவில் நடந்த உலகக் கோப்பையில் ஸ்பெயினை அவர் ஏறக்குறைய தோளில் சுமந்தார். பெய்ஜிங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவை 95-75 என்று வென்றபோது அவர் எடுத்தது 20 புள்ளிகள். தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. 17 வயதில் வெள்ளி வாங்கிய அதே நகரம். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக 38 புள்ளிகள் எடுத்தார். ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்கு எதிராக வேறு யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. உலக சாம்பியன், ஐரோப்பிய சாம்பியன், யூரோலீக் சாம்பியன். இவ்வளவும் வென்ற ஒருவரை, எதிர்பார்ப்பை நிறைவேற்றாதவர்கள் பட்டியலில் எப்படிச் சேர்த்தோம்? என்.பி.ஏ. ஒன்றையே தராசாக வைத்துக்கொண்டோம், அதில் 2006இன் 51 புள்ளிகளை எடைக்கல்லாக ஒரு தட்டில் போட்டோம். மறு தட்டில் அவர் எதை வைத்திருந்தாலும் அந்தக் கல் எழுந்திருக்காது.

கிளீவ்லேண்டில் அவருக்கு ஒரு நல்ல இலையுதிர்காலம் கிடைத்தது. முந்தைய பருவத்தில் அடிமட்டத்தில் கிடந்த அந்த இளம் அணியில், அவர் வீட்டுக்கு மூத்த பிள்ளைபோல் இருந்தார். 2021 நவம்பர் 7 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 37 புள்ளிகள், வீசிய 9 த்ரீ பாயின்டர்களில் 8 உள்ளே. ஷூட் செய்யத் தெரியாதவர் என்று பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டவர், 31 வயதில், தன் என்.பி.ஏ. வாழ்க்கையின் மிக உயர்ந்த புள்ளிக்கணக்கை அந்த அரங்கில் எடுத்தார். ஏழு வாரங்கள் கழித்து, டிசம்பர் 28 அன்று நியூ ஆர்லியன்ஸில், அதே இடது முழங்காலில் அதே தசைநார் மீண்டும் கிழிந்தது. அவர் தேறிக்கொண்டிருந்தபோதே அவருடைய ஒப்பந்தத்தை இண்டியானாவுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கோடையில் கிளீவ்லேண்ட் அவரை மறுபடி அழைத்துக்கொண்டது. 2023 ஜனவரியில் களத்துக்குத் திரும்பினார். பாஸ்களில் பழைய கூர்மை தெரிந்தது, கால்கள் ஒத்துழைக்கவில்லை.

அந்த ஆண்டு உலகக் கோப்பைக்காக ஸ்பெயின் அணியோடு தயாராகிக்கொண்டிருந்தபோது ஒருநாள் எல்லாம் நின்றது. 2024 ஜனவரி 4 அன்று என்.பி.ஏ.விலிருந்து விடைபெற்று அவர் எழுதிய குறிப்பில், ஜூலை 30 தன் வாழ்வின் மிகக் கடினமான இரவுகளில் ஒன்று என்றும், மனம் ஓர் இருண்ட இடத்துக்குப் போய்விட்டது என்றும், அந்தத் திசையில் போய்க்கொண்டிருப்பதை ஓரளவு அறிந்திருந்தும் நிலைமை தன் கையை மீறிவிட்டதாக ஒருபோதும் எண்ணவில்லை என்றும் சொல்லியிருந்தார். மறுநாளே தொழில்முறை ஆட்டத்தை நிறுத்த முடிவெடுத்திருக்கிறார். அந்த இரவில் என்ன நடந்தது என்பதை அவர் அந்தக் குறிப்பில் விவரிக்கவில்லை. அதை ஊகிக்கும் உரிமை நமக்கும் இல்லை. அவருடைய துயரத்துக்குக் காரணம் நம் எதிர்பார்ப்புதான் என்று சொல்லிவிடவும் நான் துணியமாட்டேன். தாயின் இழப்பு, இரண்டு அறுவை சிகிச்சைகள், ஊர் ஊராக மாறியது என்று ஒரு மனத்துக்குள் போய்ச் சேர்ந்தவற்றை வெளியிலிருந்து பிரித்து எண்ண முடியாது. ஆனால் பதினான்கு வயதிலிருந்து, ஒரு நாள்கூட விடாமல், யாராவது ஒருவர் அவரைத் தராசில் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள் என்பது மட்டும் உறுதி. அந்தக் கைகளில் ஒன்று என்னுடையது.

என்.பி.ஏ.விலிருந்து விடைபெற்ற அடுத்த மாதமே பார்சிலோனாவில் மெல்ல ஆடத் தொடங்கி அந்தப் பருவத்தை முடித்தார். அதன்பின் ஓராண்டு விலகியிருந்தார். 2025இல், தன்னை முதன்முதலில் களத்தில் இறக்கிய ஹோவன்டுட் அணிக்கே திரும்பினார். பதலோனாவில் அவர் பதினான்கு வயதில் போட்ட அதே பச்சை கறுப்புச் சட்டை. நடுவில் இருபது ஆண்டுகள்.

அவர் ஹோவன்டுட்டுக்குத் திரும்பும் செய்தி வந்த இரவில், அலைபேசியில் அந்தப் பழைய காணொளிகளை மறுபடி தேடி எடுத்துப் பார்த்தேன். லினாரெஸ் ஆட்டத்தில் நடுக்களத்திலிருந்து அவர் வீசிய பந்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இந்த முறை அதைத் தாண்டிப் போய், ஹோவன்டுட் அணியில் அவர் பெரியவர்களோடு ஆடிய முதல் பருவத்தின் துண்டுகளைப் பார்த்தேன். சட்டை தோளில் நிற்காமல் தொங்குகிறது. தன்னைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கு நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு போகிறான். முகம் இடது மூலையைப் பார்க்கிறது, தடுப்பவரும் அந்தப் பக்கமே சாய்கிறார், பந்து வலப்பக்கம் போய்விடுகிறது. அங்கே நின்ற உயரமான கூட்டாளிக்கே அது வருமென்று தெரியாது. தடுமாறிப் பிடித்து வளையத்துக்குள் போடுகிறார். பையன் அதைப் பார்க்க நிற்கவில்லை. தடுப்பதற்காகப் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறான், முகம் முழுக்கச் சிரிப்போடு.